வெள்ளையாய் வெந்த மண்

அண்ணே,

நேற்று மழைக்குப் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கும்போது உங்கள் புகையிலை டப்பா என் மனைவி கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாசம் போகவில்லை. உள்ளே ஒரே ஒரு வெள்ளை வில்லை, பழைய எட்டணா அளவுக்கு. "இது என்னாங்க, பொத்தானா? தூக்கிப் போட்டுடட்டா?" என்றாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என்னவென்று சொல்லவில்லை. இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

வெளியே ஜங்ஷன் ரோடு முழுக்கத் தண்ணீர். பஸ்ஸும் ஆட்டோவும் அதை வாரி இறைத்துக்கொண்டு போயின. நீங்கள் இங்கே வந்த முதல் ஐப்பசி நினைவுக்கு வந்தது. பீங்கான் கம்பெனி வாசலில் தூறல் விழுந்ததுமே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றீர்கள். லோடு இறக்குகிறவர்கள் சேட்டுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கேலி பேசினார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சேட்டு என்றால் உங்களுக்கு ஆகாது. ராஜஸ்தானிலிருந்து யார் வந்தாலும் விருத்தாசலத்துக்கு அவர் சேட்டுதான். "கடை வச்சிருக்குறவங்கதான் சேட்டு. நான் ஒட்டகம் மேச்சவன்" என்று திருத்தித் திருத்தி நீங்கள்தான் ஓய்ந்துபோனீர்கள். மூன்று வருஷம் மழை பொய்த்து, ஒட்டகங்களை விற்றுவிட்டு, களிமண் லோடுக்குத் துணையாக இந்த ஊருக்கு வந்தவர். வந்த இடத்திலேயே மண் கலக்குகிற வேலை கிடைத்துத் தங்கிவிட்டீர்கள். நான் வருகிற மண்ணைச் சுட்டுப் பார்த்துத் தரம் சொல்கிறவன். என் அறைக்கு எதிரேதான் உங்கள் கலவைத் தொட்டி. என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் நான் அண்ணே என்றேன். நீங்கள் என்னை மாஸ்டர் என்றீர்கள். கொஞ்ச நாளில் எங்கள் பேச்சு உங்கள் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் வீடு என்று சொன்னாலும் நீங்கள் வூடு என்பீர்கள்.

டீ குடிக்க உட்கார்ந்தால் உங்கள் ஊர்க்கதைதான். மணலுக்கு நடுவில் நாற்பது வீடு. பாட்டன் காலத்துக்கும் முன்னால் ஏதோ ஒரு கிணறு வற்றி, ஒட்டகங்களோடு கிளம்பி வந்தவர்கள். வழியில் ஒரு கிழட்டு ஒட்டகம் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றதாம். சரி, இங்கேயே இருப்போம் என்று கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். வேறு எங்கே போவது? பூமியில் கிடைக்காததை வானத்திடம் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு களம் போட்டார்கள். நம் நெல் அடிக்கிற களம் போலத்தான், ஆனால் தட்டு போல நடுவில் சரிந்திருக்கும். களிமண்ணை மிதித்து மிதித்து இறுக்கிய தரை. அதில் விழுகிற மழை முழுவதும் வழிந்து நடுவில் இருக்கும் மூடிபோட்ட தொட்டிக்குள் இறங்கிவிடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று மழை பெய்தால் போதும், நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர். களத்தில் செருப்புக்கால் படக்கூடாது. மேகம் கூடினால் ஊரே வெறுங்காலோடு இறங்கிப் பெருக்கும். கம்பெனி வாசலில் நீங்கள் நின்றதற்கு அர்த்தம் அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னீர்கள். ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு கூடை களிமண் கொண்டுவந்து களத்தில் கொட்டி மிதிப்பார்கள். உங்கள் கூடையும் அதில் இருந்தது. உங்கள் அப்பா, அவருடைய அப்பா எல்லோருடையதும் இருந்தது. பிழைப்புக்கு வெளியூர் போகிறவர் களத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப்போக வேண்டும். திரும்பி வந்ததும் அதை எடுத்த இடத்திலேயே வைத்து மிதிக்க வேண்டும். வெளியூரிலேயே செத்துப்போனால் யாராவது அந்த மண்ணையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். உங்கள் கைப்பிடி மண்தான் அந்த டப்பாவில் இருந்தது.

அடுத்த மழைக்கு உங்கள் அறை ஒழுகுகிறது என்று டப்பாவை என்னிடம் கொடுத்தீர்கள். "மாஸ்டர் ரூம்பு ஒழுவாது, இங்க பத்தரமா இருக்கட்டும்." நானும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நல்ல ஆளிடம் கொடுத்தீர்கள் போங்கள்.

அந்தச் சமயம் கம்பெனிக்கு வந்த மண் எல்லாம் மட்டமாக இருந்தது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சூளையிலிருந்து மஞ்சளாக, பொட்டுப் பொட்டாக வெளியே வந்தன. முதலாளி தினமும் என் அறைக்கு வந்து கத்திவிட்டுப் போவார். அப்படி ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது கை தானாக டப்பாவுக்குப் போனது. எங்கள் தொழில்காரனுக்கு இது ஒரு வியாதி. எந்த மண்ணைப் பார்த்தாலும் நெருப்பில் போட்டால் எப்படி வரும் என்று தெரிந்தாக வேண்டும். கோயில் விபூதியைக்கூட விரலில் தேய்த்துப் பார்க்கிற ஜென்மம் நான். ஒரு ஸ்பூன்தானே என்று எடுத்தேன். நனைத்து, அச்சில் அழுத்தி, மற்ற வில்லைகளோடு சூளைக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் வெளியே வந்தது. சுடுவதற்கு முன்னால் சாம்பல் நிறம், வெந்ததும் சுண்ணாம்பு வெள்ளை. ஒரு பொட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை. புத்தி இருக்கிறவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான் வில்லையை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன். இது எந்த ஊர் மண் என்று கேட்டார். உங்கள் ஊர் பெயரையும், பக்கத்து டவுனின் பெயரையும், அங்கிருந்து எத்தனை கல் தூரம் என்பதையும் ஒப்பித்தேன். நீங்கள் டீ குடிக்கும்போது ஆசை ஆசையாகச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

உங்களிடம் வில்லையைக் காட்டியதும் பெருமையோடுதான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இத மறுபடி மண்ணாக்க முடியுமா மாஸ்டர்?" முடியாது, ஒருமுறை வெந்தால் வெந்ததுதான் என்றேன். "அப்ப என் கைப்புடியில இவ்ளோ கொறைஞ்சிடுச்சு" என்றீர்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து, பரவாயில்லை என்று என் தோளையும் தட்டினீர்கள். முதலாளியிடம் ஊர் பெயரைச் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் ஊருக்கு ஒரு போனாவது போயிருக்கும். நான் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதத்தில் புது மண் வந்தது. கட்டைகள் பளீரென்று வெளியே வந்தன. ஆயுத பூஜைக்கு முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். நீங்களும் கைதட்டினீர்கள். லாரி வந்த நாளெல்லாம் ஆள் பற்றவில்லை என்று நீங்களே மேலே ஏறி மண்வெட்டியால் இறக்கினீர்கள்.

பிறகு உங்கள் தம்பி போன் செய்தார். களத்துக்குப் பட்டா கிடையாது என்று ஒருவன் காகிதத்தோடு வந்தானாம். களத்துக்கு அடியில் பத்தாள் ஆழத்துக்கு அதே மண் இருந்ததாம். மெஷின் வைத்துத் தோண்டியதில் தொட்டி சரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என் மேசை முன்னால் நின்றீர்கள்.

"மூணு மாசமா எங்க ஊர நானே எறக்குனேனா மாஸ்டர்?"

நான் மேசையில் கிடந்த லோடு சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"எங்க ஊரு பேர இவங்களுக்கு யாரு சொன்னாங்க?"

தெரியவில்லை, முதலாளி எங்கேயாவது விசாரித்திருப்பார் என்றேன். என் நாக்கு அழுகியிருக்க வேண்டும். நீங்கள் என் மேசையில் கிடந்த வில்லையைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டீர்கள். "வரேங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மாஸ்டர் என்று அதன் பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. சண்டை இல்லை, டீக்கு என் எதிரில் உட்காருவதும் நிற்கவில்லை. சார், சார் என்றுதான் கடைசிவரை. நாலு பேர் நடுவில் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நெஞ்சில் தூசி அடைத்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் மண்ணு வேலையா என்று கேட்டார். எந்த ஊர் மண் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "கொண்டுபோய் சேத்துடுங்க சார். எடம் இருந்தா."

போன மாசியில் போனேன். மூன்று ரயில், இரண்டு பஸ், கடைசியில் ஒரு ஜீப். நாற்பதில் நாலு வீட்டில்தான் ஆள் இருந்தது. உங்கள் தம்பி லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு எனக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு களத்துக்குக் கூட்டிப்போனார். களம் எங்கே இருக்கிறது? ஒரு பெரிய பள்ளம், அடியில் பச்சைப் பாசி பிடித்த கொஞ்சம் தண்ணீர். அந்தப் பள்ளத்தின் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே உங்கள் தம்பி செருப்பைக் கழற்றினார். அங்கே அதற்கு இனி அவசியமே இல்லை, அண்ணே. இருந்தாலும் கழற்றினார். நானும் கழற்றினேன்.

டப்பாவைக் கவிழ்த்தேன். பாதி மண்ணைக் காற்று கொண்டுபோனது. மிதிக்கத் தரை இல்லை. சுட்ட வில்லை உங்கள் ஒரு ஸ்பூன் மண்தானே என்று அதையும் கொண்டுபோயிருந்தேன். போட மனம் வரவில்லை, அது இனி எந்தத் தரையோடும் சேராது. திரும்ப டப்பாவிலேயே வைத்துக்கொண்டேன். ஊர் பெயரைச் சொன்னது யார் என்று அண்ணனுக்குக் கடைசியிலாவது தெரிந்ததா என்று தம்பி கேட்டார். என் அரைகுறை இந்தியில் அதற்கும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். இது இரண்டாவது பொய்.

நேற்று மாலை மழை விட்டதும் கடைக்குக் கிளம்பினேன். வாசல் தாண்டியதும் மறுபடி தூறல். என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். சாக்கடைத் தண்ணியில வெறுங்காலோடு நிக்கிறீங்களே, புத்தி கெட்டுப்போச்சா என்று மனைவி உள்ளிருந்து கத்தினாள். வில்லை சட்டைப்பையில் இருந்தது. ராத்திரி முழுக்க அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. காலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அன்று என் மேசை முன்னால் நின்று கேட்டீர்களே, உங்கள் ஊர் பெயரை யார் சொன்னது என்று. நான்தான் சொன்னேன், அண்ணே. உங்களுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் என் வாயால் வரும் என்று கடைசி நாள்வரை டீக்கு என் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தீர்கள்.