ரோமாபுரிக் கல்லில் உங்கள் விரல்

இன்று சுபுஹு தொழுகை முடிந்ததும் முதல் வேலையாக உங்கள் கம்பளிக் கோட்டை எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். மழைக்காலம் முடிந்து அதை வெயிலில் காயவைப்பது நம் வழக்கம்தான். நீங்கள் மறைந்த பிறகு இதுதான் முதல் தடவை. உதறியபோது ஆவாரம்பட்டை வாசனை எழுந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் உங்கள் துணியை விட்டுப் போகாத, தோல் பதனிடும் ஷாப்பு வாசனை. வியாபாரத்துக்காக இத்தாலிக்குக் கப்பலேறியபோது அதுவும் நம்மோடு வந்தது. ஹோட்டலில் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்தால், "சுளிக்கட்டும். அவுக காலுல கெடக்குறதே நம்ம திண்டுக்கல் தோலுதான்" என்பீர்கள்.

ரோமில் அன்று மதியம் தோல் வாங்கும் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். மாலைவரை பொழுது போக வேண்டும், வெளியே மழை. கம்பெனியின் வயதான குமாஸ்தா, இங்கிலீஷ் தெரிந்தவர், பழைய ரோமானியக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் மியூசியத்துக்கு நம்மை அழைத்துப் போனார். கல்லூரியில் ரோமாபுரி வரலாற்றைப் பரீட்சைக்காகப் படித்தவள் நான். அரசர்களும் போர்களும் இருக்கும் என்று நினைத்துத்தான் நுழைந்தேன்.

தரையிலிருந்து கூரைவரை கற்கள். சுவரே தெரியவில்லை. பெரும்பாலும் இறந்துபோனவர்களுக்காக நட்ட கற்கள். ரொட்டி சுட்டவன், விடுதலை பெற்ற அடிமை, கம்பளி நூற்ற மனைவி என்று குமாஸ்தா ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். சில எழுத்துகளின் பள்ளத்தில் சிவப்புச் சாயம்கூட மிச்சமிருந்தது. ஒரு கல், வழியில் போகிறவனை நின்று வாசிக்கச் சொன்னது. அதை நீங்கள் நம் பேச்சுக்குக் கொண்டுவந்தீர்கள்: "செத்த நேரம் நில்லப்பா, என்னயப் படிச்சுட்டுப் போ." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனாலும் நாம் நின்றுவிட்டோமே.

எதையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் உங்களுக்குத் தரம் தெரியாது. எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள், கட்டுத் தோலைப் பார்ப்பதுபோல. காவலாள் நாக்கைச் சொடுக்கியதும் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைப் பின்னால் மறைத்தீர்கள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்: "துண்டுக்குள்ள எவனோ விரலப் பிடிச்ச மாதிரி இருக்கு, புள்ள."

சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய கை அது. வாய் பேசாமல் எதிராளி மனதை அறிகிற கை. இரண்டாயிரம் வருடத்துக்கு அப்பாலிருந்து ஒருவன் அதைப் பிடித்தான் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பாமல் என்ன செய்வேன்?

கடைசி அறையில், முழ உயரம்கூட இல்லாத ஒரு கல்லின் முன் குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். ஒரு சிறுமிக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்தது. அவள் பெயர். அவள் வாழ்ந்தது மூன்று வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். கீழே தகப்பன் பெயர், தாயின் பெயர். எங்கோ பிறந்து மண்ணாகிப்போன அந்தக் குழந்தைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து போன இரண்டு பேர் அந்தக் கல்லை விட்டு நகராமல் நின்றோம்.

நம் மைமூனுக்கும் மூன்று வயதுதான். காய்ச்சலில் அவள் போன நாளிலிருந்து அந்தப் பெயரை நீங்கள் சொன்னதே இல்லை. நம் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. அவள் எங்கே கிடக்கிறாள் என்று நானும் கேட்டதில்லை. அன்று நீங்களாகச் சொன்னீர்கள்.

"மைமூன நான்தான் கையில ஏந்திப் போனேன். கபர்ஸ்தான் கெணத்துக்குக் கெழக்க, மதில ஒட்டி, தலமாட்டுலயும் கால்மாட்டுலயும் ரெண்டு சின்ன மீஸான் கல்லு. பேரு கீரு ஒண்ணும் எழுதல. நானும் போயிட்டா அந்த எடம் ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, இப்பச் சொல்லிட்டீகள்ல" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் தம்பி வந்திருந்தார். கபர்ஸ்தானில் இடம் போதவில்லையாம். கிழக்கு மதில் ஓரத்தைச் சமப்படுத்தி, வரும் மாதத்திலிருந்து புதுக் குழிகள் தோண்டப்போகிறார்களாம். எப்போதும் நடப்பதுதான். "அந்தப் பக்கம் நம்ம ஆளுக யாரும் இல்ல மதினி" என்றார். மைமூன் போனபோது அவர் கொழும்புக் கடையில் இருந்தவர். அவர்மேல் தப்பில்லை. நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அந்த ரோமாபுரித் தாயை நினைத்தேன். அவள் பேசிய பாஷை இன்று எந்த வீட்டிலும் இல்லை. அவள் கும்பிட்ட சாமியும் இல்லை. அவள் மகளின் பெயர் மட்டும் இருக்கிறது, மழைநாளில் யாரோ வாசிக்கும்படி. நீங்கள் நம் மகளின் பெயரைச் சொன்ன குரல் என்னிடம் இருக்கிறது. அதை நானும் கொண்டுபோய்விட்டால் பிறகு யாரிடம் இருக்கும்?

அதனால் முடிவு செய்துவிட்டேன். மலையடிவாரத்துக் கல்தச்சரிடம் முழ உயரத்தில் ஒரு கல் சொல்லப்போகிறேன். அதில் மைமூன் என்று தமிழில் இருக்கும். அவளுடைய வருடமும் மாதமும் நாளும். கீழே உங்கள் பெயர், அதற்கு அடுத்து என் பெயர். கிணற்றுக்குக் கிழக்கே அந்த இடத்தைக் காட்ட வேறு ஆள் இல்லை. அதனால் கபர்ஸ்தான் கதவைத் தாண்டி நானே உள்ளே நடப்பேன். உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது. யாருக்குமே தெரியாது.