அண்ணன் கைபட்ட பிரேக் குழாய்

என் உயிருக்கு உயிரான ராஜு அண்ணா,

நீ போய் ஒரு வருஷம் ஆனபிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, அதனால் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லி இங்கே நடக்கிற கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

உனக்கு இப்போது எத்தனை பக்தர்கள் தெரியுமா? நீ இருந்தபோது உன் வாய்க்குப் பயந்து தெரு மாறிப் போனவர்களெல்லாம் கட்கியில் இருக்கிற உன் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். "ராஜு மாரி ஒரு கை வருமா" என்கிறார்கள். உன் அவசர புத்தியையும் முன்கோபத்தையும் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. இப்படிக் கழுவித் துடைத்த ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாது, அண்ணா.

அந்தப் பழைய வெள்ளைக் காரைத்தான் சொல்ல வருகிறேன். முன் சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் பொறுக்கி வந்த ஏதோ ஒரு புதுக் காரின் டிஸ்க் பிரேக்கை மாட்டினாயே, அதைத்தான். குழாய்களை வளைத்து மாட்டி முடித்தாய். பிரேக் ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் உன் நெஞ்சு நின்றுவிட்டது. கார் அப்படியே துணி போர்த்திக் கிடந்தது.

உன்னோடு ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்டில் இருந்த செல்வம் அதை முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினான். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. தசராவுக்குப் பூஜை போட்டு, மல்லிகா அண்ணியையும் உன் மகள் கவிதாவையும் ஏற்றிக்கொண்டு நேராக மகாபலேஷ்வர் போவதென்று ஏற்பாடு. நீ வருஷக்கணக்காகக் கூட்டிப்போகிறேன், கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய அதே மகாபலேஷ்வர். மலைப்பாதையில் எத்தனை காட் ஏறி எத்தனை காட் இறங்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

தசரா காலையில் நான் நிக்டியில் என் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தபோது காருக்குச் செண்டுமல்லி மாலை சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முன்பக்கத்து இடது சக்கரத்துக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. நான் பட்டுப்புடவையோடு குனிந்து பார்த்தேன். குழாய் இணைப்பிலிருந்து எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"செல்வம், இது ஒழுவுதே?"

"ஒழுவல தங்கச்சி. அழுவுது. அண்ணன் நம்ம கூடத்தான் கீறாரு" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. அண்ணி உடனே குங்குமச் சிமிழோடு வந்து, அந்தச் சொட்டுகிற நட்டின் மேலே பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. எண்ணெயில் குங்குமம் கரைந்து வழிந்தது. கம்பெனியில் நாள் முழுக்க கேஜ் வைத்து நட்டு, போல்ட்டுகளின் மரை அளவைச் சரிபார்க்கிறவள் நான். ஒழுகுகிற இணைப்புக்குப் பொட்டு வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கையை விட்டுத் தடவிப் பார்த்தால் மரையில் வெள்ளை டேப். பிளம்பர் பாத்ரூம் குழாய்க்குச் சுற்றுகிற அதே டேப்! முதலில் சொட்டியபோதே செல்வம் சுற்றியிருக்கிறான். "அப்ப பைப்ப மாத்தறதுதானே?" என்றேன். "அது அண்ணன் தன் கையால போட்டது. நாங்க எப்டி தொடறது?" என்றான். கூடியிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

குற்றம் அவனுடையது மட்டுமில்லை, அண்ணா. உன்னுடையது. பழைய கார் அங்குலக் கணக்கு, அந்த டிஸ்க் மில்லிமீட்டர் கணக்கு. நீ பழைய குழாயை அதன் பழைய நட்டோடு அப்படியே புதிய துளையில் திருகியிருக்கிறாய். துளையைவிட நட்டு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சின்னது. கையால் திருகினால் சுகமாக உள்ளே போகும், பொருந்திவிட்டதாக ஆசை காட்டும், அழுத்தம் வந்தால் கைவிட்டுவிடும். குழாய் நுனியும் அப்படித்தான். பழையதற்குப் புனல் மாதிரி விரித்து உள்ளே மடித்திருக்கும்; புதியதற்குக் குமிழ் மாதிரி உப்பியிருக்க வேண்டும். எண்ணெயை நிறுத்துவது அந்த நுனி உட்காருகிற இடம்தான், மரை இல்லை. அங்கே போய் ஊர்ப்பட்ட டேப்பைச் சுற்றி என்ன பிரயோஜனம்?

நீ அதைச் சும்மா அளவு பார்க்க மாட்டி வைத்தாயா? இல்லை, இதுவே போதும் என்று விட்டுவிட்டாயா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

அவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். சொல்லி என்ன, செவிடன் காதில் சங்குதான். "சுப காரியத்துல அபசகுனமா பேசாத வசந்தா" என்றார்கள் அண்ணி. கடைசியில், "சரி செல்வம், வண்டிய கெளப்பாத. சும்மா உக்காந்து, எதுர்ல கொழந்த ஓடியாந்தா எப்டி மிதிப்பியோ அப்டி மிதி" என்றேன்.

ஏறி உட்கார்ந்து மிதித்தான். முதல் மிதி தாங்கியது. இரண்டாவதில் டப்பென்று ஒரு சத்தம். நட்டு துளையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தது, எண்ணெய் மாலை மேலெல்லாம் பீய்ச்சியடித்தது, பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. செல்வம் காலை எடுக்கவே இல்லை. "அய்யோ, காட் எறக்கத்துல இருந்திருந்தா" என்றான். பின் சீட்டில் அண்ணிக்கும் கவிதாவுக்கும் தலையணை போட்டு வைத்திருந்தது.

நானும் கவிதாவும்தான் பழைய குழாயைக் கழற்றினோம். பத்தொன்பது வயசாகிறது உன் மகளுக்கு. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, நெசமா இத அப்பாவா போட்டாரு?"

"ஆமாண்டி."

"தப்பாவா?"

"தப்பாத்தான்."

அவள் சிரித்துவிட்டாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. "அதான் எங்கப்பா! எதுலயும் ஜல்தி. இவுங்க சொல்றவரு யாரோ, எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். இத்தனை நாள் அந்தப் பெண்ணை உனக்காக அழக்கூட விடாமல் உனக்குப் பூஜை பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

புதுக் குழாய் போட்டாயிற்று. பழைய பக்கத்துக்குப் புனல் நுனியும் அங்குல நட்டும், டிஸ்க் பக்கத்துக்குக் குமிழ் நுனியும் மில்லிமீட்டர் நட்டும். நானே கேஜ் வைத்துப் பார்த்தேன். பார்க்கிங்கிலேயே வேர்க்க வேர்க்க மிதித்துப் பார்த்தோம். தீபாவளி கழித்து மகாபலேஷ்வர் போய் வந்தார்கள், செல்வம்தான் ஓட்டினான். அண்ணி என்னோடு இன்னும் பேசுவதில்லை. "செத்தவர நாலு பேர் எதுர்ல அவமானப்படுத்திட்டா" என்று எல்லோரிடமும் சொல்கிறார்களாம்.

இதில் கேவலம் என்னவென்றால், அந்தப் பழைய குழாயை அண்ணி தேய்த்துக் கழுவிப் பூஜை அலமாரியில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் பூ. போன வாரம் என் கண்ணாலேயே பார்த்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும், அண்ணா. ஒரு தடவை மிதித்துப் பார்த்திருந்தால் நீயே உன்னைத் திட்டிக்கொண்டு கழற்றி எறிந்திருப்பாய். அந்த ஒரு மிதிக்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த திதிக்குள் அந்தக் குழாயை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன். அண்ணி ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் சரி. மாலையை உனக்குப் போடட்டும். உன் தப்புக்குப் போட வேண்டாம்.

உனக்கு அடுத்துப் பிறந்து, உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கை,
வசந்தா