மொலெஃபிக்குக் குளிர்கிறதாம்

அன்பு மகள் டிசேபோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழைக்காலம் முடிந்து மலை உச்சியில் பனி வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலமா என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம் என்றால் நான் போனை எடுத்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உன்னோடு ரியாதில் வேலை செய்யும் நர்ஸ் பெண் லீவு முடிந்து திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன தடவை நீ போனில் சொன்னாய், உன் அறைச் சுவரில் ஒரு திருகு இருக்கிறது, வெளியே வெயில் கொளுத்தினாலும் அதைத் திருப்பினால் போதும், வேண்டிய அளவு குளிர்ச்சி வந்துவிடும், சில நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறேன் என்று. கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டில் திருகு கதவுதான். வெயில் காலத்தில் திறந்து வைத்துவிட்டு பீச் பழ மரத்தடிக்குப் போய்விடுவோம், தகரம் சூடேறினால் உள்ளே நாய்கூடப் படுக்காது. குளிர் காலத்தில் சாத்தி, இடுக்கில் துணியைத் திணிப்போம். நீ வாங்கிக் கொடுத்த கரண்ட் ஹீட்டர் முன்பணம் கட்டி வாங்கிய கரண்ட் யூனிட்டையெல்லாம் குடித்துவிடுகிறது, அதைப் போட்ட வாரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால் உன் அம்மாவின் நெஞ்சு விசிலடிக்கிறது. கணப்புச் சட்டி பற்றி இனி இந்த வீட்டில் பேச்சே இல்லை, உனக்குத் தெரியும். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு, சுவர் கொடுத்தார்கள், தகரம் கொடுத்தார்கள், நடுவில் ஒரு பலகை கொடுக்க மறந்துவிட்டார்கள். விடியற்காலையில் தகரத்துக்கு அடியில் ஐஸ் பிடித்திருக்கும், வெயில் பட்டதும் அது உருகிக் கட்டில் மேல் சொட்டும். பிளாஸ்டிக் தாளை நாலு மூலையிலும் கட்டி வைத்திருக்கிறேன், கல்யாணப் பந்தல் மாதிரி.

அதனால்தான் நீ சீலிங் போடப் பணம் அனுப்பினாய். ஒரு தடவை போட்டுவிட்டால் வெயிலுக்கும் ஆகும், குளிருக்கும் ஆகும், கரண்டும் மிச்சம் என்றாய், எல்லாம் சரி. கிளினிக் நர்ஸும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, மருந்து நான் குடுக்கலாம், ஆனா வீடு சூடா இல்லன்னா இந்த நெஞ்சு இன்னொரு குளிரைத் தாங்காது" என்றாள். நான் சீலிங் போடுகிற ரமொஹாபியைக் கூட்டி வந்து அளவெடுக்கவும் வைத்தேன். அவன் ஏணியில் நின்றுகொண்டு, "மாமா, இது வீடு இல்ல, மூடி போட்ட பானை" என்று சிரித்தான். உன் அம்மா சிரிக்கவில்லை. அவன் போனதும், "மொலெஃபிக்குக் குளுருதாம்" என்றாள்.

கனவில் வருகிறானாம் உன் அண்ணன். வாசலில் நின்று, அம்மா குளுருது என்கிறானாம், உள்ளே வாடா என்றால் வருவதில்லையாம். போன குளிரில் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அவன் உயிர் போனபோது நம்மிடம் மாடு வாங்க வழியில்லை, கோழிகளை அறுத்துக் காரியத்தை முடித்தோம். மாட்டோடு வழியனுப்பினால்தான் அதன் தோல் போனவனுக்குப் போர்வை, கோழியில் என்ன போர்வை வரும் என்று உன் அம்மா அப்போதே முணுமுணுத்தாள். பாவி, அவன் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. கணப்பை வெளியே பற்றவைத்து, புகை அடங்கிக் கரி சிவந்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போனான். புகை போனால் பயம் போச்சு என்றுதான் இந்தத் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. சிவந்த கரியின் காற்றும் வாசமே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று யாருக்குத் தெரியும்? சூட்டுக்குப் போய்ச் செத்தான் என் பிள்ளை. "அவன் குளுர்ல நிக்கிறப்ப நான் சீலிங்குக்கு அடியில கதகதன்னு படுக்கணுமா?" என்று உன் அம்மா கேட்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல, நீ படித்தவள், நீ சொல். போதாததற்கு உன் பேலோ மாமா வேறு வந்து, "செத்தவனுக்குப் போர்வை இல்ல, உங்களுக்குக் கூரைக்கு அடியில இன்னொரு கூரையா மச்சான்?" என்றான். அவன் வீட்டுக்கு சீலிங் இருக்கிறது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நான் ஒரு வேலை செய்தேன். கனவே வராத ஆள் நான், உனக்குத் தெரியும், பஸ் ஓட்டின காலத்திலிருந்து கட்டை மாதிரித்தான் தூங்குவேன். ஒரு நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது, மொலெஃபி என் கனவிலும் வந்தான், மேலே தகரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு முதலில் சீலிங் போடுங்கள் அப்பா என்றான் என்று சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கால்ல என்ன போட்டிருந்தான்?" என்றாள். நான் யோசிக்காமல், அவனுடைய கறுப்பு ஷூதான் என்றேன். அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். துக்கம் கழிந்து அவன் துணிமணிகளைப் பிரித்தபோது அந்த ஷூ எனக்கு வந்தது, அன்று காலையும் அதைத்தான் போட்டிருந்தேன். "எங்கிட்ட வெறுங்கால்ல வர்றான். பொய் சொல்லத் தெரியலன்னா பேசாம கஞ்சியக் குடிங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை டிசேபோ, கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பேன். நான் கஞ்சியைக் குடித்தேன்.

போன சனிக்கிழமை சீலிங் பணத்தில் மாடு வாங்கி அறுத்தோம். நல்ல மாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேலோ மாமா மொலெஃபியின் பெயரைச் சொல்லி, இந்தா போர்த்திக்கொள், போய்ப் படு என்றான். தெருவே வந்து சாப்பிட்டது. ரமொஹாபியும் வந்தான், ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டு நம் கூரையையே அண்ணாந்து பார்த்தான், என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ இரவும் பகலும் நின்று சம்பாதித்த பணம், உன்னைக் கேட்காமல் செய்துவிட்டோம். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

மறுநாள் காலை இந்த வருடத்தின் முதல் உறைபனி. தாளில் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. உன் அம்மா விழித்து, "அவன் வரலீங்க" என்றாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. "எனக்கும் இப்ப குளுரவே இல்ல, தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினாள். தொட்டேன். குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. ஆமாம், சூடாத்தான் இருக்கு என்றேன். இந்தத் தடவை என் பொய்யை அவள் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஹீட்டர் போடவும் விடுவதில்லை, வேண்டாம் யூனிட் வீண் என்கிறாள். இருமல் மட்டும் நிற்கவில்லை.

இனிப் பணம் அனுப்பாதே, அதைக் கேட்க இதை எழுதவில்லை. நீ எப்போதும் டிசம்பரில் வருவாய். இந்த வருடம் அந்த லீவை நம் ஊர் நடுக்குளிருக்கு, ஜூலைக்கு, மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார். டிசம்பரில் வெயில் நன்றாக இருக்கும், பீச் காய்த்திருக்கும், எல்லாம் இருக்கும். நீ ஜூலையில் வா.

உன்னைப் பெற்றவர்களின் ஆசி எப்போதும் உன்னோடு. நம் முன்னோர்கள் உன்னைக் காக்கட்டும், உன் அண்ணனும் சேர்ந்து காக்கட்டும். ஸ்வெட்டரோடு தூங்குகிற அளவுக்கு அறையைக் குளிர வைக்காதே, சளி பிடிக்கும். வருவதாக இருந்தால் எனக்கு மட்டும் சொல், அம்மாவிடம் சொல்லாதே. ஜூலையில் ஏன் வருகிறாய் என்று அவள் கேட்டால், எனக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே.

உன் அப்பா,
செச்சாபா