கண்மாயில் மஞ்சள் நத்தை

ஆவூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷெரின் அக்காவுக்கு,

உன் தம்பி பிராங்க்ளின் தோத்திரம் சொல்லி எழுதுவது. முதற்கண் ஒரு துயரச் செய்தி; கன்னியர் மடத்தில் எல்லாரும் எழுந்து நின்று கேட்கவும். நேற்று மாலை நம் வீட்டுச் சேவல் ஒரு புல்லட் வண்டிச் சத்தத்தில் மிரண்டு, வாலில் மூன்று இறகுகளை இழந்தது. அடக்கம் இறகுகளுக்கு மட்டும். சேவல் நலம். அம்மா நலம், அப்பாவும் நலம். இந்த வரிசையில்தான் எழுத வேண்டுமாம், அம்மா உத்தரவு.

கண்மாயில் ஒரு புது நத்தை வந்திருக்கிறது. மஞ்சள் ஓடு, எலுமிச்சம்பழப் பருமன். தண்ணீருக்கு மேலே படிக்கல்லிலும் நாணலிலும் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டையை ஒட்டிவைக்கிறது. யாரோ பபிள்கம் ஒட்டியதாக நினைத்து ஊரே முதலில் என்னைத்தான் முறைத்தது. பிறகுதான் செல்வராணி சித்தியின் வயல் தெரிந்தது. கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சி நட்டு அப்போது பன்னிரண்டு நாள்தான். பாதி வயலில் பயிரை நத்தை தின்றுவிட்டது, தண்ணீர்தான் நிற்கிறது. ஆடு மேஞ்சிருந்தா ஆட்டுக்காரனோட சண்டையாச்சும் போடலாம், இதுக்கு யாரோடடா போடுறது என்று சித்தி என்னிடம் கேட்டது.

விவசாய ஆபீசர் வந்து வழி சொன்னார். மடையில் வலை கட்டணும், பப்பாளி இலையைப் போட்டு நத்தையை ஒரே இடத்தில் சேரவைக்கணும், முட்டையைக் கையுறை போட்டுச் சுரண்டி நசுக்கணும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் படை திரட்டினோம். தலைவர் அடியேன். பதினோரு நாளில் ஏழு உரச்சாக்கு! பங்குச்சாமி பூசையில் என் பெயரைச் சொன்னார். வழக்கம்போல வெளியே போகச் சொல்லி இல்லை, பாராட்டி. ஆனால் விடிந்து பார்த்தால் படிக்கல்லெல்லாம் மறுபடியும் ரோஸ்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் நிலவழகன் அண்ணன்மேல்தான் ஊர் பழி போட்டிருக்கிறது. அவர் வெளியூரிலிருந்து கொண்டுவந்த மீன்குஞ்சோடு நத்தையும் வந்ததாம். பை பையாப் பாத்துத்தாங்க விட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். குத்தகையைப் பிடுங்கப் போகிறார்கள். அவர் தினமும் எங்களோடு மார்பளவுத் தண்ணீரில் நின்று பொறுக்குகிறார். நேற்று தன் கையுறையைக் கழற்றி, ஒனக்கு அரிக்கும்டா, போட்டுக்க என்று என்னிடம் நீட்டினார்.

அக்கா, அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நீ மடத்துக்குப் போன அன்று உன் மீன்தொட்டியை என்னிடம் கொடுத்து, ஒண்ணையும் சாகவிட்டுறாதடா என்றாய். மூன்று மாதத்தில் மீனெல்லாம் செத்துப்போயின. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் கொடுத்த அந்த மஞ்சள் நத்தைகள் மட்டும் மிச்சம். நாறுது, கொட்டித் தொலை என்றார்கள் அம்மா. நீ சொன்னதை நினைத்துக்கொண்டு கொல்ல மனசு வரவில்லை. சிலுவை போட்டுக் கண்மாயில் விட்டேன், பெரிய புண்ணியவான்போல. மீன் நன்றாக நீந்துகிறது என்று உனக்கு ஐந்து கடிதம் எழுதினேனே, ஐந்தும் பொய். தலைவர் ஏழு சாக்கு பொறுக்கியது, அவரே விட்ட நத்தைகளின் பிள்ளைகுட்டிகளைத்தான்.

பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று சனிக்கிழமை கோயில் வாசல்வரை போனேன். அங்கே சொன்னால் சாமியாரோடு போய்விடும், அவர் வெளியே சொல்லமாட்டார். எனக்கு மன்னிப்பு கிடைக்கும், அண்ணனுக்குக் குத்தகை போய்விடும். திரும்பி வந்துவிட்டேன். அதனால் கூட்டத்திலேயே எழுந்து சொல்லப் போகிறேன். உன் பெயர் வராது.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு அக்கா. பாதியில் ஏதாவது ஜோக் அடித்து நான் தப்பித்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் தம்பி
பிராங்க்ளின்