அன்றைக்கு நமக்குத் தெரியாதது

இன்று தேனியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி. பெட்டியைத் திறந்து அந்த ரப்பர் குழந்தையை எடுத்து மேசைமேல் கிடத்தினார்கள். ரப்பரும் பவுடரும் கலந்த அதன் வாடை மூன்றாவது வரிசை வரைக்கும் வந்தது. "யாரு முதல்ல செஞ்சு காட்டப் போறீங்க?" என்று கேட்டதும் நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்திருப்பாய் என்றுதான் பார்த்தேன். அங்கே தேவதானப்பட்டிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து, "நான் செய்யட்டாக்கா?" என்றாள். செய்யம்மா என்றேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மதியம் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது நம்மூர் சுகாதார சப்சென்டரின் பின்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கிராம நர்ஸ் வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாம் எந்நேரமும் ஆட்களுக்கு நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு நாளைக்கு நாற்பது வீட்டு வாசலில் நின்று பேசுகிறோம். ஆனால் மார்க்கையன்கோட்டையில் இத்தனை வருடத்தில் யாருக்கும் என் பெயர் தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் நான் நர்ஸம்மாதான். அப்பாவும் அம்மாவும் போனபிறகு, பார்த்த ஒன்றிரண்டு இடமும் தள்ளிப்போன பிறகு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய். அதுவும் மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள். பயிற்சி நாட்களில்.

மற்றவர்கள் பயிற்சி என்றால் முகம் சுளிப்பார்கள். எனக்கு முந்தின நாளே சேலை எடுத்து வைக்கத் தோன்றும். நீ கோம்பையில் பஸ் ஏறுவாய். உத்தமபாளையம் தாண்டி, நான் ஏறுகிற சின்னமனூர் வரும்வரை பக்கத்து சீட்டில் உன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பாய். ஒருதரம் நான் படியேறும்போது கண்டக்டர் உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, பைக்கெல்லாம் சீட்டா? அது டிக்கெட் எடுத்திருக்கா?"

"சின்னமனூர்ல ஆள் ஏறும்ணே. அதுவரைக்கும் பை உக்காந்துட்டுப் போகட்டும்."

அந்த ஆள் நான்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நீ கவனிக்கவில்லை. "ஏண்டி, இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

எத்தனை பாடங்கள்! தடுப்பூசியை எப்படிக் குளிர்ச்சியில் வைப்பது, தோலில் உணர்ச்சியற்ற தேமலை எப்படிக் கண்டுபிடிப்பது, எய்ட்ஸ் வந்தவர்களிடம் எப்படிப் பேசுவது, கை கழுவுவது. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நீ மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டே கேள்வி கேட்பாய். நான் உன் தொடையில் கிள்ளுவேன்.

"பேசாம இருடி. நீ கேக்கக் கேக்க அவுக பேசுவாக. நாலு மணி பஸ் போயிரும்."

"போகட்டும். தெரியாமப் போயி ஊர்ல என்னத்தச் செய்ய?"

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒருநாள் உனக்கு அந்தப் பதில் கிடைத்தது.

அதற்குப் பதினோரு வருடம் முன்பு நடந்ததை அந்த இடைப்பட்ட வருடங்களில் நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதாவது நான் எழுதுகிறேன். அன்று போலியோ சொட்டு மருந்து ஞாயிறு. உனக்கு உதவியாக என்னைக் கோம்பைக்கு அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒருவர் ஓடிவந்து, பெண்டாட்டிக்கு வலி என்றார். போனோம். பேச்சியம்மாள், இருபது வயதுகூட இராது. தலைப்பிரசவம். நாம் போய் அரைமணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை எல்லாம் செய்தோம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினோம். முதுகில் தட்டினோம், உள்ளங்காலில் சுண்டினோம், தண்ணீர் தெளித்தோம். நீ நெஞ்சில் விரலை வைத்து, "துடிக்குதுடி, துடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாய்.

பேச்சியம்மாளின் மாமியார் பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். வாசலில் கூட்டம். புருஷனின் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னத்தச் செஞ்சீக பிள்ளைய?" என்று கத்தினார். நான்தான் சொன்னேன்: "வலி வந்ததும் சொல்லிவிட்டிருந்தாக் காப்பாத்திருக்கலாம். லேட்டாக் கூப்பிட்டீக. நாங்க என்ன செய்ய?"

அந்தப் பெண் விடியற்காலையே வலி கண்டும் வாய் திறக்காமல் இரண்டு நடை தண்ணீர் எடுத்திருந்தாள். கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நாம் தப்பித்தோம்.

தெருமுனை தாண்டியதும் நீ கேட்டாய். "லேட்டானதாலயாடி போச்சு?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?"

நீ முன்னால் நடந்தாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு போன வருடம் இதே ரப்பர் குழந்தை வந்தது. சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா, "இனிமே தலைகீழாப் பிடிக்காதீங்க, அடிக்காதீங்க. துடைச்சு, சூடா வச்சு, மூச்சுப் பாதையைச் சரி பண்ணுங்க. மூச்சு வரலைன்னா ஒரு நிமிஷத்துக்குள்ள இந்தப் பையையும் மாஸ்க்கையும் வச்சுக் காத்துக் குடுங்க. இதயம் துடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இதுவே போதும்" என்றார். பையை அழுத்தினார். ரப்பர் நெஞ்சு எழும்பி இறங்கியது.

நீ எழுந்து நின்றாய். இந்தத் தடவை நான் கிள்ளவில்லை.

"மேடம், முந்தி நாங்க அடிச்ச பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துவிட்டார்கள். அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு எங்களுக்கும் தெரியாதும்மா. நானும் அடிச்சிருக்கேன்" என்றார். நல்ல மனுஷி. நீ உட்கார்ந்தாய். உன் கை என் கைமேல் பட்டது, சில்லென்று இருந்தது. அன்று நீ சாப்பிடவில்லை. சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தப் பொம்மை நெஞ்சு எழும்புகிறதா என்று பையை அழுத்திக்கொண்டே இருந்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய். "பேச்சியம்மாட்டப் போகணும்டி."

"போயி? நாங்கதான் கொன்னோம்னு சொல்லப் போறியா? அவ புருஷன் அருவாளத் தூக்குவான். எவனாவது மனு எழுதிப் போட்டா வேலைக்கே வேட்டு."

"கொன்னோம்னு சொல்லல. அவ லேட்டாச் சொன்னதால போகலன்னு சொல்லணும்."

"பதினோரு வருசமாச்சு. அவளே மறந்திருப்பா."

"நீ மறந்துட்டியா?"

சின்னமனூர் வந்தது. இறங்கிவிட்டேன். நாலு நாள் கழித்து செல்லில் கூப்பிட்டு, "இன்னைக்குப் போறேன், வர்றியா?" என்றாய். தடுப்பூசி போடணும் என்றேன். அன்று வியாழக்கிழமை. நம் இருவருக்குமே தடுப்பூசி நாள் புதன்கிழமை. "சரிடி, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாய்.

நீ தனியாகப் போனாய். என்ன நடந்தது என்று இரண்டு நாள் பொறுத்துத்தான் கேட்டேன். "சொன்னேன். கேட்டுக்கிட்டா. காப்பி போட்டுக் குடுத்தா" என்றாய். அதற்குமேல் நீயும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. அடுத்து வந்த மாதங்களில் பயிற்சிக்கு நான் ஒரு பஸ் முன்னாலேயே ஏறிப் போய்விட்டேன். அந்தத் தடவைகளிலும் சின்னமனூர் வரைக்கும் பக்கத்தில் பையை வைத்திருந்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு நமக்கு நாள் இல்லாமல் போய்விட்டது. காய்ச்சலோடு நாலு நாள் வீடு வீடாகப் போயிருக்கிறாய். ஐந்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரரும் மகளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு பெண் தனியாக நின்று, வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் பார்வை படாமல் பின்பக்கமாக வந்துவிட்டேன்.

போகவேண்டும் என்று தோன்ற எனக்கு மேலும் மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டியதுமே நரை விழ ஆரம்பித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த அக்காகூட அன்னைக்கு வந்தவக தானே? உள்ள வாங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். "லேட்டாச் சொன்னதாலதான் பிள்ள போச்சுன்னு அன்னைக்குச் சொன்னது அவ இல்ல. நான்."

"தெரியும்" என்றாள். மொச்சை உரிக்கிற கை நிற்கவில்லை. "கண்ணத்தான் மூடியிருந்தேன். காது கேட்டுச்சுல்ல. அவுக வந்து, 'நாந்தான் தாயி தப்பாச் சொல்லிட்டேன்'னு அழுதாக. இல்லக்கா, நீங்க சொல்லலன்னு சொல்ல வாயெடுத்தேன். அவுகளா ஏத்துக்கிட்டு வந்து நிக்கையில எதுக்குன்னு விட்டுட்டேன்."

நீ எனக்காக அதை ஏற்றுக்கொண்டதை நான் அறிந்தது அப்படித்தான். உன் வாயால் இல்லை.

அவள் மெதுவாகப் பேசினாள். இரண்டாவது பிள்ளை உண்டானபோது, வலி வந்து சொல்ல நேரமாகிவிடுமோ என்ற பயத்தில், நாள் நெருங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்துப் பத்து நாள் படுத்துக் கிடந்தாளாம். ஊரே சிரித்ததாம். மகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போன பிறகும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவு வருமாம். அன்றைக்கு 'லேட்டாக் கூப்பிட்டீக' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"நானும் வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா. ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குப் பெறகு அவுக மாசம் ஒருக்கா வருவாக. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. "வந்தா அந்தப் பிள்ளையப் பத்திப் பேசுவோம். எங்க வீட்ல யாரும் பேச்செடுக்க மாட்டாக. எனக்கு அத ஒருத்தரும் காட்டல. சுத்திக் கொண்டுபோனது எங்க மாமியா. அவுகளும் போயிட்டாக. பிள்ளையோட அப்பன் மொகத்தத் தெறந்து பாக்கல. நர்ஸக்காதான் சொல்லுவாக, தல நெறைய முடி, மூக்கு ஒன்ன மாதிரின்னு. ஒவ்வொருக்காவும் கேப்பேன். சலிக்காமச் சொல்லுவாக."

பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எதாவது ஞாபகமிருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை வருடம் அந்த முகத்தை நினைக்காமல் இருக்கத்தான் பழகியிருந்தேன். ஆனால் அவள் கேட்டதும் பிள்ளை அப்படியே கண்முன் வந்தது. நீ நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது நான்.

"எடது காது மடல் மேல லேசா மடிஞ்சிருந்துச்சு. விரல வச்சு நிமித்தி விட்டேன். திரும்ப மடிஞ்சிருச்சு."

"காத அவுக சொல்லல" என்றாள். மகளை உள்ளிருந்து கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய முடியை ஒதுக்கி இடது காதை எனக்குக் காட்டினாள். அதே மடிப்பு.

இப்போது மாதம் ஒருமுறை கோம்பைக்குப் போகிறேன். நீ சொன்னது முழுவதும் எனக்குத் தெரியாததால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். நகம், புருவம், உள்ளங்கை ரேகை. ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறாள். உன்னைப் பற்றியும் கேட்கிறாள். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்காததையும் அவளிடம்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களில் இப்போது மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அதனால் படுக்கும்முன் ஒருதரம் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன், ஒன்றும் விட்டுப்போய்விடவில்லையே என்று.