ஆட்டுக்கறி வெந்த சுனை

ரோட்டோருவா
புதன்கிழமை

அன்பு மகள் ஹெதருக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தள்ளினால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கிளாஸ்கோ குளிரில் நீயும் டங்கனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. பின்பக்க எலுமிச்சை நன்றாகக் காய்த்திருக்கிறது, கூரை ஒழுகல் அடைபட்டது. இப்படி வீட்டுச் சேதியோடு முடித்துவிடலாம் என்று தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். சொல்ல வேண்டியது வேறு, சொல்லக் கூசுகிறது.

போன மாதம் தொலைபேசியில் நான் பெருமையடித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். என் சிநேகிதி நைரி வீட்டுக்குப் பின்னால் உள்ள கொதிசுனையின் ஓரத்தில் குப்பிகளை வைத்து, உயிரில்லாத எளிய சரக்குகளைச் சுனைநீரில் நனைத்தும் உலர்த்தியும் வந்தேன், முதல் உயிர் தோன்றுவதற்கு முன் பூமியில் இப்படி நடந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம், உயிரின் செங்கற்கள் எனப்படும் அமினோ அமிலங்கள் ஏராளமாக வந்தன. நைரியின் அண்ணன் மகள் ஹூயா என்னோடு வேலை செய்கிறவள், இந்த வெள்ளிக்கிழமை ஆக்லாந்து மாநாட்டில் அதை அறிவிக்க இருந்தாள், அவளுக்கு அது முதல் மேடை. தானாக உண்டான அமிலத்தில் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிரான இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் சரிபாதியாக இருக்கும், உயிரிலிருந்து வந்ததென்றால் அநேகமாக இடக்கை மட்டும்தான். அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும், பதில் எப்படி வருமோ என்ற பயத்தில் தள்ளிப் போட்டேன். திங்கட்கிழமை செய்தேன். அத்தனையும் இடக்கை. எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வெறும் சுனைநீரையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன், ஆனால் அதை மொண்டது காலையில், யாரும் சமைக்காத நேரத்தில், குப்பிகளை நனைத்ததோ பிற்பகலில். அப்போதுதான் நைரி வீட்டார் மேல்சுனையின் கொதிநீரில் வேகவைக்க நார்ப்பையில் ஆட்டுக்கறியும் சோளக்கதிரும் கட்டி இறக்குவார்கள், அந்தச் சாறு என் குப்பிகளின் பக்கமாகத்தான் வடியும். யார் மேலும் பழி போட வழியில்லை, நான் போகும் நாளெல்லாம் நைரி எனக்கும் ஒரு பை தருவாள், முடிச்சைச் சரிபார்த்து இறக்கி, வெந்ததைத் தின்றுகொண்டே குப்பிகளுக்குக் காவல் இருந்தவன் நானேதான்.

நேற்று போய்ச் சொன்னேன். நைரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, "ஏ கிழவா, உலகத்தோட முதல் உயிரத் தேடுறேன்னு என் கறிச்சாறையா சோதிச்சிட்டிருந்த, உப்பாவது சரியா இருந்துச்சா" என்று கேட்டாள். ஹூயா சிரிக்கவில்லை. "திங்கட்கிழமையே தெரிஞ்சத ஏன் அங்கிள் அன்னைக்கே சொல்லல, நான் மேடையேறினப்புறம் தெரிஞ்சிருந்தா என் பேரு என்னாகியிருக்கும்" என்றாள். சொல்லாமல் விட்டால் என்ன என்று அன்று யோசித்திருக்கிறேன் ஹெதர், அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடம் எழுதுகிறேன். பிறகு அவளே, மாநாட்டுப் பேச்சை நிறுத்தப் போவதில்லை, தவறு நேர்ந்த கதையையே பேசுவேன், சுனைகளில் வேலை செய்கிறவர்கள் கேட்கட்டும் என்றாள், "ஆனா பையை இறக்கினது யாருன்னு நீங்கதான் எழுந்து சொல்லணும்" என்றும் சொன்னாள். நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவது எனக்கு என்றைக்கும் ஆகாது. சரி என்றுவிட்டேன்.

குழந்தையின் மார்புச் சளியை அலட்சியம் செய்யாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். எங்கள் அப்பா உயிரின் முதல் படியைப் பார்த்துவிட்டார் என்று உன் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னாயே, அது ஆட்டுக்கறி என்று மறக்காமல் சொல்லிவிடு, என் முகத்துக்காக மழுப்பாதே. இது உன் கைக்கு வரும்போது நான் எழுந்து நின்று சொல்லி முடித்திருப்பேன்.

தலைகுனிவோடும் அன்போடும்,
உன் அப்பா
லெஸ்லி