சுளுக்கென்று நான் சொன்ன கால்

கலேவெல

அன்பு மகன் பவாஸுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் பாதுகாக்கட்டும். இங்கே வாப்பாவும் பிள்ளையும் நானும் சுகம். உன் மனைவி ஆதிபாவின் காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல எடுத்து இரண்டு தரம் வேறு கதை பேசி வைத்துவிட்டேன், அதனால் வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் ஹுஸ்னியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

ஒப்பரேஷன் நடந்தது உனக்குத் தெரியும், அதற்கு முந்திய பதினொரு நாள் தெரியாது. தம்புள்ளையிலிருந்து வந்து பஸ்ஸால் இறங்கும்போது அவளுடைய வலது கால் விரல்கள் படியில் மாட்டி, பாதம் மடிந்து, உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு தெரியவில்லை, காலை ஊன்றாமல் இருந்து ஐந்து நாளில் திரும்ப வந்து காட்டச் சொன்னார்கள். வெறும் சுளுக்குக்கு எதற்கு என்று தடுத்தது நான்தான். எண்ணெய் போட்டு உருவிவிட்டு நடக்கச் சொன்னேன். "மாமி, கால ஊண்டவே ஏலா" என்றாள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே கிணற்றுக்குப் போனவள் நான் என்று சொல்லிக் காட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று சமைத்தாள். பதினோராம் நாள் அவள் கால்களை நீட்டி உட்கார்ந்து தொழுதபோதுதான் உள்ளங்காலைப் பார்த்தேன், நடுவில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. ஓடிப்போய் வாப்பாவைக் கூப்பிட்டேன்.

வாப்பா உடனே த்ரீவீலர் பிடித்து மாத்தளைக்குக் கொண்டுபோனார். அங்குள்ள டொக்டர் அவளை நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் படம் எடுத்தார். பெருவிரலுக்குப் போகும் எலும்புக்கும் பக்கத்து எலும்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடத்தைக் கட்டி வைத்திருக்கும் நார் அறுந்துவிட்டது, படுத்திருந்தால் தெரியாது, பாரம் விழுந்தால்தான் விலகும் என்று விளக்கினார். நான் நடக்க வைத்ததால் வந்ததா என்று கேட்டேன். காயம் பஸ்ஸிலேயே பட்டது, ஆனால் நடக்க வைத்தது நல்லதில்லை, இன்னும் பிந்தியிருந்தால் பாதம் தட்டையாகியிருக்கும் என்றார். தகடும் ஆணியும் வைத்தார்கள், எட்டுக் கிழமை கால் நிலத்தில் படவில்லை. இப்போது தடியோடு கேட் வரைக்கும் நடக்கிறாள். முழுக்கத் தேற ஒரு வருடமாகலாம், சிலருக்கு வலியும் விறைப்பும் மிஞ்சும், பின்னால் மூட்டுத் தேயவும் கூடும் என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

இதில் ஒரு சொல்லையும் அவள் உன்னிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன் மகன். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க, மாமி" என்று என் கையைப் பிடித்தாள். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை பேசும்போது எப்போது பழையபடி நடப்பாய் என்று அவளிடம் கேட்காதே. இன்றைக்கு வலி எப்படி என்று கேள்.

உன் உம்மா,
றாபியா யாகூப்